நீலத் திரை சொல்லும் செய்தி



வீட்டில் பிள்ளைகள் விளையாடுவதற்கென வாங்கி வைத்த கணினி, ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும் வேளையில் திடீரென நீல நிறத் திரை ஒன்றைக் காட்டிவிட்டு நின்றுபோகின்றது. சற்று நேரத்தில் தானாகவே மறுபடி இயங்கத் தொடங்குகின்றது. மறுநாள் மீண்டும் அதே கதை. இதனை எவ்வாறு அணுகுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். வானொலியில் பேசுதற்கு இதுவும் ஒரு பொருளா என்று சிலர் ஐயுறக்கூடும். ஆனால் தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றில், இந்தக் கணினி ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய் விழுங்கிய பொருள். அது நின்றுபோகும்போது பணம் மட்டும் போவதில்லை. தந்தைக்கும் மகனுக்கும் இடையே பேச்சும் நின்றுபோகின்றது. ஆதலால் இது குடும்பப் பொருளே என்பது என் கருத்து.

நான் பொறியியல் படித்தவன் அல்லன். கலைக் கல்லூரியில் பயின்று, மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுபவன். கணினிக் கையேடுகளைத் தமிழாக்கும் வேலை அவ்வப்போது என் மேசைக்கு வரும். அதனால் ஒன்று தெரிந்துகொண்டேன்: இந்த நீலத் திரை ஒரு வாசகம். வாசகத்தைப் படிக்காமலே விடையெழுதப் புகுவோர் தொகைதான் மிகுதி.

முதலில் பெற்றோர் எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். 'ஓயாமல் விளையாடியதால் வந்த வினை இது' என்பதே பெரும்பாலான தந்தையரின் முடிவு. அவர்கள் மீது குறை சொல்வதற்கில்லை, விளையாடும்போதுதானே நிற்கின்றது! எனினும் இயந்திரத்தின் அமைப்பு வேறு விதமானது. விண்டோஸ் என்னும் இயக்கமுறையில் இரண்டு வட்டங்கள் உண்டு. ஒன்று வெளிவட்டம், விளையாட்டு, உலாவி, கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள் ஆகிய யாவும் அங்கே இயங்குகின்றன. மற்றொன்று உள்வட்டம், இயக்கமுறையின் கருவும், கருவிகளை ஆட்டுவிக்கும் டிரைவர் என்னும் இயக்கிகளும் அங்கே இருக்கின்றன. தலைமைச் செயலகத்தில் பார்வையாளர் கூடம் வேறு, பதிவேட்டு அறை வேறு அல்லவா? பார்வையாளர் கூடத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் அவரை மட்டும் வெளியே கொண்டுபோவர், அலுவலகம் நடக்கும். பதிவேட்டு அறையில் தீப்பொறி தெரிந்தால் கட்டடம் முழுவதையும் மூடிவிடுவர். விளையாட்டு மட்டும் பழுதாயிருந்தால் அந்த விளையாட்டுத்தான் மூடிக்கொள்ளும். நீலத் திரை வராது. நீலத் திரை வந்ததென்றால் பழுது உள்வட்டத்தில் என்றே கொள்ளவேண்டும். அப்பழுது ஓர் இயக்கியாக இருக்கலாம். நினைவகம், செயலி, மின்வழங்கி முதலிய உறுப்பாகவும் இருக்கலாம்.

சில விளையாட்டுகளோடு, ஏமாற்றி வெல்வதைத் தடுக்கும் காவல் மென்பொருள் ஒன்றும் வருகின்றது. அது உள்வட்டத்திலேயே அமர்ந்துகொள்ளும் வகையினது. அதன் மீது ஐயம் கொள்வது நியாயமே. மற்றப்படி, விளையாட்டு என்பது கணினியின் ஒவ்வோர் உறுப்பையும் முழு வேகத்தில் ஓடச் செய்யும் ஒரு சுமை. படியேறும்போது மூச்சு வாங்கினால் படியின் மீது வழக்குத் தொடுப்பார் இலர்.

இந்தத் திரை எதற்காக வருகின்றது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இது கணினி செத்துப்போனதற்கு அடையாளம் அன்று. கணினி தானே வேண்டுமென்று நிற்பது. உள்வட்டத்தில் கணக்கு ஒவ்வாமல் போனதைக் கண்டவுடன், இனியும் எழுதினால் வட்டில் உள்ள கோப்புகள் கெடும் என்று அஞ்சி, இயக்கமுறை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நிறுத்தியதற்குக் காரணமாக ஒரு சொற்றொடரையும் ஓர் எண்ணையும் காட்டுகின்றது. ஐந்தொகை பொருந்தவில்லை என்று கண்ட கணக்கர் பேரேட்டை மூடி வைத்துவிட்டு அதிகாரிக்குக் குறிப்பு அனுப்புவது போன்றது இது. குறிப்பைக் கண்டு கணக்கர் மீது கோபிப்பதில் பயனில்லை.

1993-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் என்டி தொடங்கி இவ்வழக்கம் இருந்து வருகின்றது. இதனை உண்டாக்கியவர்களே இதற்கு அகப்பட்டுக்கொண்டதும் உண்டு. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோ நகரக் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, அவருடைய உதவியாளர் விண்டோஸ் 98-ஐ விளக்கிக் காட்டினார். ஒரு ஸ்கேனரைப் பொருத்திய அக்கணமே நீலத் திரை தோன்றியது. அவையோர் கைதட்டிச் சிரித்தனர். இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலும் என்று கேட்ஸும் சிரித்துச் சமாளித்தார். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஒரு வருத்த முகக் குறியும் திரையில் சேர்ந்தது. 2025-ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 11-இல் நீலம் போய்க் கறுப்புத் திரை வரத் தொடங்கியிருக்கின்றது. வருத்த முகமும் நீக்கப்பட்டது. நிறம் மாறினாலும் சொற்றொடரும் எண்ணும் மாறவில்லை. ஆதலால் உங்கள் வீட்டில் வருவது கறுப்பாக இருந்தாலும் இங்கே சொல்லுவன யாவும் அதற்கும் பொருந்தும்.

உள்வட்டத்துப் பழுது எத்தகையது என்பதை உலகம் முழுவதும் ஒரே நாளில் கண்டது 2024 ஜூலை 19 அன்று. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான கோப்பு ஒன்றினால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அக்கணினிகளில் ஓர் உறுப்பும் கெட்டிருக்கவில்லை. அக்கோப்பை நீக்கியவுடன் அவை எழுந்து நடந்தன. ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஓர் ஆள் சென்று அமர்ந்து நீக்க வேண்டியிருந்தது.

இனி வீட்டுக் கணினிக்கு வருவோம். திரை சில நொடிகளே நிற்கும். அதற்குள் கைப்பேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாமற்போனாலும் கவலை வேண்டா. ரிலயபிலிட்டி மானிட்டர் என்று விண்டோஸிலேயே ஒரு பகுதி இருக்கின்றது. அது நாட்காட்டி போல் ஒவ்வொரு நாளும் என்ன நேர்ந்தது, எந்த மென்பொருள் புதிதாக ஏறியது என்று காட்டும். பழுது தொடங்கிய நாளுக்கு முந்திய நாளில் கிராபிக்ஸ் கார்டின் இயக்கி புதுப்பிக்கப்பட்டிருந்தால், பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. பழைய இயக்கிக்குத் திரும்பிப் பார்க்கலாம். நீலத் திரையே வராமல், விளக்கணைந்தாற்போல் பட்டென்று நின்று, ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்னும் பதிவு மட்டும் இருந்தால், மின்வரவின் மீதும், கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியின் மீதும் முதலில் கண்ணோட்டம் செல்ல வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு பொறி இருக்கின்றது. நீலத் திரை வரும்போதெல்லாம் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்னும் சிறு கோப்பு ஒன்று எழுதி வைக்கப்படும். விண்டிபக் என்னும் இலவச மென்பொருளால் அதனைத் திறந்தால், பழுது நேர்ந்தபோது இயங்கிய கோப்பின் பெயர் தெரியும். பல வேளைகளில் அங்கே என்டிஓஎஸ் கெர்னல் என்ற பெயர் காணப்படும். அது விண்டோஸின் கருவேதான். உடனே 'விண்டோஸ் கெட்டுவிட்டது' என்று முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவுவோர் பலர். அரசு அலுவலகத்தில் பணியாற்றியவர்களுக்கு இதன் பிழை எளிதில் விளங்கும். கோப்பில் கடைசியாகக் கையொப்பம் இட்டவர்தான் தவறு செய்தவர் என்று எவரேனும் சொல்லுவரா? எட்டு மேசைகளுக்கு முன்னால் எவரோ ஒருவர் தவறான எண்ணை எழுதியிருப்பார். கடைசி மேசையில் அது அகப்படும். கரு என்பது அகப்படுத்திய மேசை. அதே பெயர் மீண்டும் மீண்டும் வந்து, அது ஒரு குறிப்பிட்ட கருவியின் இயக்கியாகவும் இருந்தால் நம்பலாம். கருவின் பெயர் மட்டும் வந்தால் விசாரணை அப்போதுதான் தொடங்குகின்றது.

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கின்றேன். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவன். நேரு பிளேஸ் அங்காடியில் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தானே பூட்டிய கணினி அது. கோடையில் ஆட்டத்தின் நடுவே நீலத் திரை வரத் தொடங்கிற்று. தந்தையார் ஒரு மாதம் விளையாட்டுக்குத் தடை விதித்தார். மகன் கணினியைக் கடைக்குத் தூக்கிச் சென்றான். அரைமணி நேரம் பார்த்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிதாக 28,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அந்தத் தொகையைக் கொடுப்பதா, கணினியையே விற்றுவிடுவதா என்று வீட்டில் வாக்குவாதம். இடையே கல்லூரிக்கு ஒப்படைக்க வேண்டிய கட்டுரையும் பாதியில் அழிந்தது. விளையாட்டின் பலன் என்று அதற்கும் ஒரு பேச்சு.

ஜூலை மாதத்தில் தந்தையார் தம் வருமான வரிப் படிவத்தை அக்கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கத்தில் நீலத் திரை வந்தது! விளையாட்டு எதுவும் அப்போது இயங்கவில்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையே இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அன்று அவருக்கே விளங்கிவிட்டது. அன்று மாலை என்னையும் அழைத்திருந்தார்கள். நாங்கள் செய்த முதல் வேலை, இருபது ரூபாய்க்கு ஒரு குறிப்பேடு வாங்கியது. நாள், நேரம், அப்போது ஓடிக்கொண்டிருந்தது எது, திரையில் வந்த சொற்றொடர், எண், முந்திய தடவைக்குப் பின் நாம் மாற்றியது எது என்று ஆறு பத்திகள் போட்டோம். பழைய பதிவுகளையும் ரிலயபிலிட்டி மானிட்டரிலிருந்து எடுத்து எழுதினோம்.

எழுதியபின் ஒன்று தெரிந்தது. ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட், ஒரு நாள் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, மற்றொரு நாள் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் என்று ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சொற்றொடர். ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்தால் ஓர் இயக்கியைச் சந்தேகிக்கலாம். சாட்சி நாளுக்கு ஒரு பெயரைச் சொன்னால், எல்லாரும் பொதுவாக வந்துபோகும் இடம் எது என்று தேட வேண்டும். கணினியில் அவ்விடம் ராம் என்று வழங்கும் நினைவகம். எந்த மென்பொருளும் அங்கே வந்துதான் ஆகவேண்டும். 16 ஜிபி நினைவகத்தில் 13,700 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய அறைகள் இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் ஒன்று அல்லது சுழி என்ற ஒரே குறி. ஓர் அறையில் வைத்த ஒன்று சுழியாக மாறித் திரும்பினால் போதும். அந்த அறையில் அன்று குடியிருந்தது எதுவோ அதன் பெயரால் திரை வரும். விளையாட்டு நினைவகத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதால் பழுதான அறையைத் தொடும் வாய்ப்பு மிகுதி. வரிப் படிவத்துக்கு அவ்வாய்ப்பு குறைவு. அவ்வளவே வேறுபாடு.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பதை விதியாகக் கொண்டோம். மகனுக்கு இளமையின் வேகம்; இயக்கி, பயாஸ், வயர் எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றிவிட வேண்டும் என்றான். அப்படிச் செய்து பழுது நின்றால் எதனால் நின்றது என்று தெரியாது. நிற்காவிட்டால் புதிதாக எதைக் கெடுத்தோம் என்றும் தெரியாது. முதல் மாற்றமாக, பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை அணைத்தோம். ராம் அட்டையின் உறையில் 3200 என்று அச்சிட்டிருப்பார்கள். பல அட்டைகளில் அது இயல்பான வேகம் அன்று, எக்ஸ்எம்பியைப் போட்டபின், சற்றுக் கூடுதல் மின்னழுத்தத்தில் கிடைக்கும் வேகம். எல்லா மதர்போர்டும் எல்லாச் செயலியும் அதனைத் தாங்கும் என்பதற்கில்லை. நிலையில்லாக் கணினிகளில் பல, இந்த ஒன்றை அணைப்பதனாலேயே நிலைப்பட்டுவிடுவது உண்டு. இங்கே பழுது குறைந்தது; நிற்கவில்லை. குறிப்பேட்டில் அவ்வாறே எழுதினோம்.

மறுநாள் மெம்டெஸ்ட் 86 என்னும் சோதனை மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமலே கணினியை அதிலிருந்து இயக்கி, இரவு முழுவதும் ஓடவிட்டோம். விண்டோஸோடு வரும் நினைவகச் சோதனையும் உண்டு. அது மேலோட்டமானது, அது நல்லதென்று சொன்னாலும் நான் முழுதும் நம்பமாட்டேன். காலையில் சிவப்பு வரிகள் திரையை நிறைத்திருந்தன. இச்சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். 'பத்துக் கோடியில் ஒன்றுதானே' என்ற தாராளம் இங்கே செல்லாது. இரண்டு ராம் அட்டைகளில் ஒன்றைக் கழற்றினோம். முதல் அட்டை தனியே இருக்கையில் சோதனை பிழையின்றி முடிந்தது. இரண்டாவதை அதே ஸ்லாட்டில் இட்டபோது பிழைகள் வந்தன. ஸ்லாட் கெட்டதோ என்ற ஐயம் தீர, அதனை வேறு ஸ்லாட்டில் இட்டுப் பார்த்தோம், அங்கும் பிழைகள். குற்றவாளி அந்த அட்டைதான் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று. ராம் அட்டைகளுக்குத் தயாரிப்பாளர்கள் நீண்ட உத்தரவாதம் அளிப்பது வழக்கம். ரசீது இருந்தமையால் மாற்று அட்டை விலையின்றிக் கிடைத்தது. 28,000 ரூபாய்க்கு மாற்ற வேண்டும் என்ற கிராபிக்ஸ் கார்டு இன்னும் அதே கணினியில் வேலை செய்துகொண்டிருக்கின்றது. தடை நீங்கிற்று, எனினும் தேர்வுக் காலத்தில் மட்டும் அது தொடர்கின்றதாம். அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை.

இது ஒரு வீட்டின் கதை. இதே கதை உலக அளவிலும் நடந்தது. 2024-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், இன்டெல் நிறுவனத்தின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை உயர்வகைச் செயலிகளைக் கொண்ட விளையாட்டுக் கணினிகள் பல தேசங்களிலும் நின்றுபோகத் தொடங்கின. சிலவற்றில் நீலத் திரை. சிலவற்றில் விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு, 'கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை' என்ற செய்தி. வாசகத்தை அப்படியே நம்பிய மக்கள் கிராபிக்ஸ் கார்டைக் குற்றம் சாட்டினார்கள். விளையாட்டை எழுதியவர்களைத் திட்டினார்கள். கிராபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியா நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலில், இச்செய்தி கண்டவர்கள் இன்டெலை அணுகுக என்று அறிவிக்க நேர்ந்தது. பெரும் விளையாட்டு ஒன்று தொடங்கும்போது சுருக்கி வைத்த தரவுகளைச் செயலி விரிக்கவேண்டும். மிகக் கடுமையான வேலை அது. அங்கே செயலி தவறான விடை தரவே, அத்தவறு கிராபிக்ஸ் கார்டின் வாசலில் போய் வெளிப்பட்டது.

காரணம் யாது? செயலிக்குள் இருக்கும் நுண்ணாணை, தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கி வந்திருக்கின்றது. அதனால் செயலியின் உள்ளே கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் சுற்று நாளடைவில் தேய்ந்தது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்திய நுண்ணாணைகள் மதர்போர்டுகளுக்கான பயாஸ் புதுப்பிப்பு வழியாக வெளிவந்தன. உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆனால் திருத்தம் இனிமேல் தேயாமல் காக்குமே அன்றித் தேய்ந்ததை மீட்காது. தேய்ந்த செயலியை மாற்றுவதொன்றே வழி. ஆகவே உங்கள் வீட்டில் இவ்வகைச் செயலி இருந்து, பயாஸ் 2024 செப்டம்பருக்கு முந்தியதாக இருக்குமானால், இன்று நின்றுபோகாவிட்டாலும் அதனைப் புதுப்பித்துவிடுங்கள். புதுப்பிக்கும்போது மின்சாரம் போகலாகாது. இன்வெர்ட்டர் உள்ள நேரமாகப் பார்த்துச் செய்வது நலம்.

மற்றச் சொற்றொடர்களில் இரண்டை மட்டும் சொல்லுகின்றேன். 124 என்னும் எண்ணோடு டபிள்யூ.எச்.இ.ஏ. அன்கரெக்டபிள் எர்ரர் என்று வந்தால், உறுப்பு ஒன்று தானே முன்வந்து தன் பழுதை அறிவிக்கின்றது என்று பொருள். செயலி, மின்னழுத்தம், வெப்பம் இம்மூன்றையும் பாருங்கள். வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் என்று வந்தால், கிராபிக்ஸ் கார்டு இரண்டு நொடிகளுக்கு மேல் விடை தராமல் இருந்தது, தட்டி எழுப்பியும் எழவில்லை என்று பொருள். இதற்கு மட்டும் கிராபிக்ஸ் கார்டின் இயக்கி, அதற்குச் செல்லும் மின்கம்பி, பின்பு கார்டு என்ற வரிசையில் ஐயம் கொள்வது முறை. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருக்குமோ என்று தோன்றினால், கட்டளைச் சாளரத்தில் எஸ்எஃப்சி என்னும் சோதனையை ஒருமுறை ஓட்டலாம், அதனால் தீங்கில்லை.

வடநாட்டுத் தட்பவெப்பம் பற்றி ஒரு சொல். தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெளியே 45 பாகை. ஆந்தி என்னும் புழுதிக் காற்று அடிக்கும்போது சன்னலை எவ்வளவு இறுக மூடினாலும் மேசை மீது மண் படிகின்றது. அந்த மண் கேபினட்டின் விசிறியிலும் செயலியின் மேலுள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கிலும் போய் அடைகின்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மெல்லிய தூரிகையால் துடைத்துவிடுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு துடைக்கவேண்டும். கூலரின் ஈரக்காற்று நேரே படும்படி கணினியை வைக்கலாகாது. குளிர்காலத்தில் வேறொரு தொல்லை. நம் ஊர்க் கடற்காற்றில் பழகியவர்கள் அறியாத உலர்ச்சி அது. கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது பொறி பறக்கும். கதவின் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்கும். அந்தக் கையோடு ராம் அட்டையைத் தொடாதீர்கள். நமக்கு உறைக்காத அளவு மின்னூட்டமே சில்லுகளைக் கெடுக்கப் போதுமானது. முதலில் கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். வாடகை வீடுகளில் மூன்று துளை ஸ்விட்ச் போர்டு இருக்கும், அதன் பின்னால் எர்த் கம்பி இராது. எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பின்னும் கடைக்குச் செல்ல நேரலாம். நேரு பிளேஸ் ஆனாலும், மும்பை லாமிங்டன் சாலை ஆனாலும், பெங்களூர் எஸ்.பி. சாலை ஆனாலும், நம்மவர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அரைகுறை இந்தியிலோ கன்னடத்திலோ வாதாட இயலாமல், கடைக்காரர் சொன்னதற்குத் தலையசைத்துவிட்டு வருகின்றோம். கடைக்காரர் எல்லாரும் ஏமாற்றுபவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அரைமணி நேரம்தான் இருக்கின்றது; நான்கு நாளைக்கு ஒருமுறை வரும் பழுது அந்த அரைமணியில் தலைகாட்டாது; ஆதலால் அனுபவத்தில் தோன்றியதைச் சொல்லிவிடுகின்றார். குறிப்பேட்டையும் திரையின் படங்களையும் அவர் முன் விரித்து வையுங்கள். எண்ணுக்கு மொழி இல்லை. 'இந்த அட்டையில் பிழை, அந்த அட்டையில் பிழையில்லை, இதோ படம்' என்று காட்டுபவரிடம் பேச்சின் தோரணையே மாறிவிடுவதை நான் கண்டிருக்கின்றேன். புதிய உறுப்பு வேண்டும் என்று அவர் சொன்னால், அவர் கடையில் உள்ள மற்றொன்றைச் சில நாட்களுக்குப் பொருத்திப் பார்க்க இசைவாரா என்று கேளுங்கள்.

கொடுப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யவேண்டும். புகைப்படங்களையும் பிள்ளைகளின் பாடக் கோப்புகளையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றது பலருக்குத் தெரியாதது. விண்டோஸ் 11 உள்ள கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்பது அப்பூட்டின் பெயர். நாள்தோறும் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பயாஸைப் புதுப்பித்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ திடீரென 48 இலக்கங்கள் கொண்ட திறவெண்ணைக் கேட்கும். அது இல்லையேல் வட்டில் உள்ளது கடைக்காரருக்கும் கிட்டாது, நமக்கும் கிட்டாது. 2024 ஜூலையில் நின்றுபோன கணினிகளை எழுப்பச் சென்றவர்களுள் பலர், இந்த எண்ணைத் தேடி அலைந்தே நேரத்தைச் செலவிட்டார்கள். பெரும்பாலும் அவ்வெண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். கணினி நன்றாக இயங்கும் நாளிலேயே அதனைக் கண்டெடுத்து, ஆறு ஆறு இலக்கமாகப் பிரித்து, அந்தக் குறிப்பேட்டின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். எழுதியதை வீட்டில் ஒருவர் படிக்க, மற்றொருவர் சரிபார்க்கட்டும். குறிப்பேட்டைக் கணினியோடு கடைக்கு எடுத்துச் செல்லும்போது மட்டும், பின்னட்டையைக் கிழித்து வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.